ஏனுங்க, பலாமரத்தை நானேதான் அறுத்தேன்

என் மஞ்சுவின் அப்பாவுக்கு, அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதிக்கொள்வது.

ஏனுங்க, கோபம் எதற்கென்று பிறகு சொல்கிறேன். முதலில் சேதியைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரி மரம் அறுக்கிறாள். விறகு பிளப்பதைச் சொல்லவில்லை, அதை நீங்கள் இருக்கும்போதே நான்தான் செய்துகொண்டிருந்தேன். ரம்பம் ஓடும் மெஷினில் அடிமரத்தை ஏற்றிப் பலகை பலகையாக அறுக்கிறேன். நம் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. சேலைக்கு மேலே உங்கள் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். எனக்கு அது எடுப்பாக இருக்கிறது என்று மஞ்சு சொன்னாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மிக்ஸி சத்தத்துக்கே இரண்டு அடி தள்ளி நிற்பவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்தானே நீங்கள். இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எஞ்சினை நானே கயிறு இழுத்துக் கிளப்புகிறேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல குணம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீங்கள் போன பிறகு நான் வட்டவடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்த ரோட்டில் போகும் பஸ்ஸில்கூட ஏறவில்லை. வாரம் தவறாமல் அங்கிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் பூண்டும் ஏற்றிக்கொண்டு சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் ஓடினீர்கள். ஒரு நாள் மறையூர் இறக்கத்தில் நெஞ்சு வலிக்கிறதென்று வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு கேரட் சிதறவில்லை. அந்த ஒழுங்கை நினைத்து எத்தனை நாள் உங்கள்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன் தெரியுமா?

போன பங்குனியில் உங்கள் சிநேகிதர் பாண்டி போன் செய்தார். வட்டவடையில் நீங்கள் லோடு எடுக்கும் தோட்டக்காரர் பாண்டியேதான். பேத்திக்குக் காதுகுத்து, மதினி வராமல் நடக்காது என்று ஒற்றைக்காலில் நின்றார். மூணாறு வரை பஸ், அப்புறம் ஜீப். மாட்டுப்பட்டி அணை தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு, வந்தது வந்தாயிற்று, பார்த்துவிடலாம் என்று திறந்தேன். மலை அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

பாண்டி வீட்டுப் பின்பக்கம் பூண்டுப் பாத்திகளுக்கு மேலே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். தண்டவாளம் மாதிரி தரையில் இரண்டு நீள இரும்புச் சட்டம். அதன் நடுவே தோல் உரிக்காத ஒரு சில்வர் ஓக் மரம் படுத்திருக்கிறது. சட்டத்தின்மேல் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, பெட்டிக்குள் பெட்ரோல் எஞ்சின், அதற்கடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாகச் சுற்றி ஓடும் ஒரு ரம்பம். பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டே போனால் ரம்பம் மரத்தைக் கிடைமட்டமாக அறுத்துக்கொண்டு போகிறது. பாண்டியும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்களாம். காய்கறி போட்ட நிலத்தில் ஒரு காலத்தில் கிராண்டிஸ் தைலமரம் நட்டுவிட்டு, தண்ணீரையெல்லாம் அது குடிக்கிறதென்று இப்போது வெட்டி எடுக்கிறார்கள் இல்லையா? அந்தச் சரிவுக்கு எந்த லாரி வரும்? அதனால் மரம் கிடக்கும் இடத்துக்கு மில்லையே தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"என்ன மதினி, அப்படி வெறிக்கப் பாக்குறீக? ஒருக்காத் தள்ளிப் பாக்குறீகளா?" என்றார் பாண்டி. சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"பையத் தள்ளுங்க. ரம்பம் என்ன கேக்குதோ அம்புட்டுதான் குடுக்கணும். அவசரப்பட்டீகன்னா அது பாட்டுக்கு மேல ஏறிப் போயிரும்" என்றார்.

தள்ளினேன். எஞ்சின் சத்தம் கனமாவதும் லேசாவதும் கைப்பிடி வழியாகத் தெரிந்தது. கடைசி வரை போனதும் பாண்டி அந்தப் பலகையைத் தூக்கிப் புரட்டினார். ஏனுங்க, அதை எப்படிச் சொல்வேன்? வெளியே சாம்பல் பூத்த கரடுமுரடுத் தோல். உள்ளே ஈரத்தோடு மினுமினுவென்று ரோஜா நிறத்தில், மீன் செதில் மாதிரி பூப்பூவாக ஒரு கோலம். அந்த மரம் நட்ட நாளிலிருந்து அந்தக் கோலத்தை யாரும் பார்த்ததில்லை. முதலில் பார்த்தது நான். "இன்னொண்ணு" என்றேன். அப்புறம் இன்னொன்று. பந்தியில் என்னைத் தேடிக் களைத்து பாண்டியின் மனைவி பின்பக்கம் வந்து, "காதுகுத்துக்கு வந்தீகளா, மரம் அறுக்க வந்தீகளா?" என்று இடுப்பில் கைவைத்து நின்ற பிறகுதான் நிறுத்தினேன்.

ஊருக்கு வந்தும் அந்தக் கிறுக்கு இறங்கவில்லை. எந்த மரத்தைப் பார்த்தாலும் உள்ளே என்ன நிறம் இருக்கும் என்றே யோசனை. பக்கத்துத் தோட்டத்து மாமரத்தை அளந்தேன். மாரியம்மன் கோயில் வேம்பைக்கூடக் கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டேன், சாமி மன்னிக்கட்டும். மொபைலில் எங்கேயோ பனி கொட்டும் தேசத்தில் தாடிக்காரர்கள் மரம் அறுக்கும் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். "எல்லார் ஊட்டுலயும் அம்மாங்க சீரியல் பாக்கறாங்க. என்ற அம்மா ரம்பம் பாக்கறாங்க" என்று மஞ்சு மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவளே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு நான் எதையும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆடிக்காற்றில் நம் பலாமரம் விழுந்துவிட்டது. ஆமாங்க, கொட்டகை ஓரத்துப் பலாதான். ராத்திரி மழையில் மண் இளகி, காலையில் ஒரே தள்ளு. வேரோடு வாய்க்காலுக்குள் போய்ப் படுத்துவிட்டது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "மஞ்சு ஊட்டு வாசக்கால் இதுலதான்" என்று அதன் அடிமரத்தைத் தட்டித் தட்டிச் சொல்வீர்களே, அந்த மரம். மஞ்சுவும் மாப்பிள்ளையும் கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்ட ஆரம்பித்து அஸ்திவாரம் முடிந்த நேரம் பார்த்து அது விழுந்தது. நீங்கள்தான் அங்கிருந்து ஒரு தள்ளுத் தள்ளினீர்களா?

மரக்கடைக்காரர் வந்து பார்த்தார். வரப்பில் லாரி வராது, துண்டு துண்டாகப் போட்டுத்தான் எடுக்கமுடியும் என்றார். துண்டு போட்டால் வாசக்காலுக்கு எங்கே நீளம் கிடைக்கும்? அன்றைக்கே பாண்டிக்குப் போன் போட்டேன். மழைக்காலத்தில் மலையில் வேலை ஓடாது, மெஷினை நானே கொண்டுவருகிறேன் என்றார். நான் மரம் அறுக்க வில்லேஜ் ஆபீசில் அபேட்சை மனு எழுதிக் கொடுத்து, கேட்கவேண்டிய இடத்திலெல்லாம் கேட்டு வைத்தேன். நம் பஞ்சாயத்து மெம்பர், "மரம் விழுந்ததுக்கு இவ்வளவு வேணுமாங்க்கா?" என்று அலுத்துக்கொண்டார். நீங்கள் எதையும் நேராகச் செய்தவர், உங்கள் மரத்தில் நான் குறுக்குவழி போகமாட்டேன்.

பாண்டி வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்துவிட்டேன். நம் வண்டியைப் பாண்டிக்குக் கொடுத்தது எனக்கே மறந்துபோய்விட்டது. கதவைத் திறந்து அவர் இறங்கியதும்தான் உறைத்தது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாண்டி வாய்க்கால் மேட்டுக்குப் போய் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன்.

இப்போது வாசக்கால் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? தலைவாசலுக்கு நிலை நிறுத்துவது வீட்டுக்கே உயிர் கொடுக்கிற மாதிரி. நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, சுமங்கலிகள் முன்னால் நின்று நிறுத்துவார்கள். தாலி போனவர்கள் பின்னால் நிற்போம். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டியதே இல்லை, கால் தானாகவே பின்னுக்குப் போகும். நீங்கள் போன பிறகு இரண்டு கல்யாணம், ஒரு சீமந்தம் எல்லாவற்றிலும் நான் சமையல்காரர்களோடு பின்கட்டில்தான் நின்றேன். அதனால் மெஷினைப் பூட்டி முடித்ததும் பாண்டியிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"எனக்கு அறுக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க பாண்டி. ஆனா ஆரு கேட்டாலும் நீங்கதான் அறுத்தீங்கன்னு சொல்லோணும்."

"ஏன் மதினி?"

"வாசக்கால் மரமுங்க. என்ற கை பட்டுச்சுன்னு வெளிய தெரிய வேண்டாம். மஞ்சு மாமியா ஊட்டுல மனசுல ஒண்ணு நெனச்சுக்குவாங்க."

பாண்டி மரம் புரட்டும் கொக்கிக் கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்தினார். "அண்ணன் இருந்தா உங்கள இப்படிப் பேச விடுவாரா?" என்றார். நீங்கள் விட்டிருப்பீர்களா, மாட்டீர்களா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பேசியதே இல்லையே. பேச எங்கே நேரம் இருந்தது?

அறுக்க ஆரம்பித்தோம். பலா சாதாரணமாகப் பணிகிற மரமில்லை. பால் வழிந்து ரம்பத்தில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ரம்பத்தின்மேல் சொட்டும் தண்ணீர் டப்பாவில் மண்ணெண்ணெய் கலந்துதான் ஓட்டவேண்டும். முதல் பலகையைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்! தூள் பறந்து முகத்திலும் கையிலும் அப்பிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீங்கள் போன பிறகு மஞ்சள் பூசாத கையை அன்று சாயங்காலம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி கோபத்துக்கு வருகிறேன். மறுநாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரம்பம் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டுத் தீப்பொறி விட்டு அறுந்தது. நான் பின்னால் துள்ளி விழுந்தேன். பாண்டி எஞ்சினை அணைத்துவிட்டு ஓடிவந்தார். பலகையைத் தூக்கிப் பார்த்தால் மரத்துக்குள்ளே, தோலிலிருந்து ஒரு சாண் ஆழத்தில், ஒரு ஆணி. சுற்றிலும் மை கொட்டியது மாதிரி நீலக்கறுப்பு. ஏனுங்க, அது யார் அடித்த ஆணி?

"காய்க்காத மரத்துக்கு ஆணி அடிச்சு, பிஞ்ச செருப்பும் வெளக்குமாறும் கட்டித் தொங்கவிட்டா ரோசம் வந்து காய்க்கும்" என்று யாரோ சொன்னார்கள் என்று, வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் சுத்தியலோடு கிளம்புவீர்களே. மரத்துக்கு வயது வந்தது, காய்த்தது. ஆணியால்தான் காய்த்தது என்று சாகும்வரை சாதித்தீர்கள். அடித்ததுதான் அடித்தீர்கள், முழங்காலுக்குக் கீழே எங்கேயாவது அடித்திருக்கக்கூடாதா? சரியாக நெஞ்சு உயரத்தில், வாசக்கால் எடுக்கவேண்டிய இடமாகப் பார்த்து அடித்து வைத்திருக்கிறீர்கள். எந்த மரத்தைக் காட்டி இதுதான் மகள் வீட்டு வாசக்கால் என்றீர்களோ, அதே மரத்தில். உங்களைத் தவிர வேறு யாருக்கு இந்த அறிவு வரும்?

பாண்டி கையில் இருந்த மாற்று ரம்பமும் அன்று மத்தியானமே போனது. இன்னொரு ஆணி. நான் வாய்க்கால் கரையில் நின்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கள் இறக்கிக்கொண்டிருந்தவர் தென்னை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தார். பாண்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். புது ரம்பத்துக்குக் கோயமுத்தூர் போய்வந்தார் பாண்டி. அதற்குள் நான் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரும்பு இருக்கும் இடத்திலிருந்து அந்தக் கறுப்பு மரத்தின் நரம்போடு மேலும் கீழும் பரவுகிறது. அறுத்த முனையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அதற்கு நேரே எங்கேயோ நீங்கள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, தெளிந்த பக்கமாகத் திருப்பிப் போட்டு அறுத்தோம்.

இரண்டு நிலைக்கால்களும் கீழ்ப்படியும் பழுதில்லாமல் வந்துவிட்டன. மேல்சட்டத்துக்குத்தான் நீளம் போதவில்லை. கறுப்பு ஏறிய துண்டிலிருந்துதான் எடுக்க வேண்டியதாயிற்று. ஆணியைத் தோண்டி எடுத்தாயிற்று, மரத்துக்குப் பலம் குறையவில்லை. ஆனால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அந்த மைக்கறை இருக்கிறது. இழைத்தும் போகாது.

எல்லாவற்றையும் கொஞ்சம் பருமனாகவே அறுத்து, கொட்டகைக்குள் நிழலில் அடுக்கினோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக ரீப்பர் கட்டைகள் வைத்து, முனைகள் வெடிக்காமல் சாணி பூசி. மலையில் முதல் தடவை அறுத்த கிராண்டிஸ் பலகைகளைப் பாண்டி வெயிலில் காயப்போட்டாராம். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்ததாம். "வேகமாக் காஞ்சா கோணும், பையக் காஞ்சா நிக்கும்" என்றார். ஊருக்குப் போகும்போது மெஷினை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். மழை முடியும் வரை இருக்கட்டும், மதினிக்குப் பொழுது போகும் என்றார்.

பொழுது போவதா! சத்தம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கள் இறக்குபவர் பட்டுப்போன தென்னையைக் கொண்டுவந்தார். தென்னை வெளிப்பக்கம் கல், உள்ளே பஞ்சு. ஓரத்தை மட்டும் சட்டமாக எடுக்கவேண்டும், ரம்பத்தின் பல்லை ஒரே நாளில் மழுக்கிவிடும். மெம்பர் மாமரத்தோடு வந்தார், இந்தத் தடவை அலுத்துக்கொள்ளவில்லை. எந்த மரம் வந்தாலும் முதலில் "இதுல ஆணி கீணி அடிச்சிருக்கறீங்களா?" என்று கேட்பேன். எல்லோரும் இல்லவே இல்லை என்பார்கள். பாதிப் பேர் அடித்திருப்பார்கள்.

கார்த்திகையில் நிலை மரங்களைச் சரியான அளவுக்கு அறுத்துக் கொடுக்கச் சொல்லி ஆசாரி சொல்லியனுப்பினார். பாண்டியும் வந்திருந்தார். நான் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான், சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வள்ளியம்மாளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் பத்து பேசுவேன், அவர் பத்துப் பேசவேண்டிய இடத்தில் ஒன்று. நான் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். திருட்டு மாங்காய் பறித்த பிள்ளை மாதிரிதான் நின்றிருப்பேன்.

அவர் நிலைக்கால்களைத் தடவிப் பார்த்தார். மேல்சட்டத்தில் கை நின்றது.

"இதென்னுங்க, நடுவால கறுப்பா?"

"மஞ்சு அப்பா அடிச்ச ஆணிங்க. மரம் காய்க்கோணும்னு அடிச்சாங்க. எடுத்தாச்சுங்க."

"அறுத்தது ஆருங்க?"

"பாண்டிங்க. மலையில இருந்து வந்து, அவருதான்..." என்றேன். பாண்டி வானத்தைப் பார்த்தார். சம்பந்தியம்மா என் கைகளைப் பார்த்தார்.

"கையில என்னுங்க, மஞ்சளா?"

"பலாத் தூளுங்க. பலகை அடுக்குனனுங்க."

காப்பி போடுகிறேன் என்றேன். வேண்டாமுங்க என்று திரும்பி நடந்தார். ஆட்டோ போகும் வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு போன் இல்லை. மஞ்சுவைக் கேட்டால், "அத்தை ஒண்ணுஞ்சொல்லலீங்கம்மா, ஆனா ஒரு மாதிரிதான் இருக்கறாங்க" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்பு ஏறின மரம், தாலி இல்லாதவள் அறுத்த மரம். இரண்டும் சேர்ந்து வந்து மகள் தலைவாசலில் நின்றுவிட்டதே என்று நினைத்தேன். கடையில் தேக்கு நிலை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடலாமா? உங்கள் மரத்தைக் கட்டிலாகவோ பெஞ்சாகவோ செய்துகொள்ளலாம், பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. எனக்கு அந்த மரம் அங்கேதான் நிற்கவேண்டும். நான் அறுத்தது அங்கே நிற்கவேண்டும். அப்படி ஆசைப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. நிலை மரங்களை மட்டும் அறுத்து முடித்து ஆசாரிக்கு அனுப்பிவிட்டு, மெஷினின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். யார் மரம் கொண்டுவந்தாலும் ரம்பம் மழுங்கிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பொங்கல் முடிந்த வாரம், கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருக்கிறேன், வரப்பில் டிராக்டர் வருகிறது. பின்னால் டிரெய்லரில் ஒரு தடிமனான வேப்பமரம். அந்த மரத்தின்மேல், குடையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியம்மா வள்ளியம்மாள் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க சம்பந்தி, வாங்க இக்கட்ட. இதைய எறக்கோணும்."

"என்னுங்க இது?"

"வேம்பு. எங்க கெணத்து மேட்டுல நின்னது, பட்டுப்போச்சு. சாமி ரூம்புக் கதவுக்கு அறுத்துக் குடுங்க."

"பாண்டி மலையில இருக்கறாருங்க. வந்தப்பறம் சொல்லி..."

"பாண்டிய இப்ப ஆருங்க கேட்டா?"

அவர் மெல்ல இறங்கி வந்து என் எதிரே நின்றார். அவர் அத்தனை வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"அன்னைக்கே தெரியுமுங்க. கையப் பாத்தனே. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குக் கோவமுங்க. பெத்தவ பாடுபட்டு அறுத்துட்டு, எவரோ அறுத்தாங்கன்னு எங்கிட்டச் சொல்றீங்க. அப்ப என்னைய எப்பிடிப்பட்டவன்னு நெனச்சுப்போட்டீங்க? மஞ்சுவ நான் அப்பிடியா வெச்சிருக்கறேன்?"

"உங்களைய ஒண்ணும் நெனைக்கலீங்க. ஊரு ஒண்ணு சொல்லிருமேன்னுதான்..."

"ஊரு வந்து ஊடு கட்டிக் குடுக்குதுங்களா?"

"அந்தக் கறுப்புங்க?" என்று இழுத்தேன்.

"இரும்பு இருக்கற எடத்துல காத்துக் கருப்பு அண்டாது. உங்க ஊட்டுக்காரரு புள்ளைக்கு முன்னாலயே அடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கறாரு. வெள்ளிக்கெழம வாசக்கால் நிறுத்தறம். நீங்க முன்னால நிக்கோணும். பின்கட்டுல போயி நின்னுக்கிட்டீங்கன்னா, அது நேரா நிக்குதா கோணலா நிக்குதான்னு ஆரு பாத்துச் சொல்றது? மேஸ்திரி கண்ணுக்கு எல்லாமே நேருதான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவருக்கு அழுகையெல்லாம் பிடிக்காது. "வேம்பை எறக்குங்க, டிராக்டர்காரரு போவோணும்" என்றார். காப்பி குடித்துவிட்டுத்தான் போனார், இரண்டு டம்ளர்.

அன்று சாயங்காலமே சாக்கை விலக்கிவிட்டு வேம்பை ஏற்றினேன். முதல் பலகையைப் புரட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. உள்ளே நல்ல செம்மண் நிறம். வேம்பில் இப்படி ஒரு சிவப்பு இருக்குமென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பாண்டியிடம் போனில் சொன்னேன். மெஷின் அங்கேயே இருக்கட்டும், மலைக்கு வேண்டும்போது நானே வந்து மதினியையும் சேர்த்துக் கூட்டிப்போகிறேன் என்கிறார். அந்த ரோட்டில் இனிமேல் நான் கண்ணைத் திறந்துகொண்டே போவேன் என்று நினைக்கிறேன்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. சம்பந்தியம்மா ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஊரார் பார்வை மாறிவிடாது. யாராவது முகத்தைச் சுளிப்பார்கள், யாராவது ஜாடை பேசுவார்கள். பேசட்டும். நானும் பத்து வார்த்தை பேசத் தெரிந்தவள்தானே.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் அந்த நிலையைத் தூக்கும்போது நான் எல்லோருக்கும் முன்னால், நேர் எதிரே நிற்பேன். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சாய்ந்திருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். நேராக நின்றதும் சம்பந்தியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நம் மஞ்சு, மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போவோம்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமைக்குப் பச்சைச் சேலையை எடுத்து வைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
சரசு